ஐந்து திங்கள் ஆண்ட அமைச்சரவை: 1945-இல் இத்தாலியை ஆண்ட பாரியின் கூட்டணி அரசு

முன்னுரை

ஓர் அரசின் பெருமையை அஃது ஆண்ட காலத்தின் நீளங்கொண்டு அளப்பது உலக வழக்கு. நெடுங்காலம் ஆண்டவர்க்கு வரலாறு பல பக்கங்களை ஒதுக்குகின்றது. சில திங்களில் வீழ்ந்தவரை ஓர் அடிக்குறிப்பில் முடித்துவிடுகின்றது. இவ்வளவுகோல் எல்லா இடத்தும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சிக்கு இத்தாலியைப் போலப் பொருத்தமான நாடு கிடைத்தல் அரிது. 1946-இல் குடியரசான பின்னர் அந்நாடு அறுபதுக்கும் மேற்பட்ட அமைச்சரவைகளைக் கண்டுள்ளது. 1954-இல் அமிந்தோரே ஃபன்ஃபானி அமைத்த முதல் அரசும், 1972-இல் ஜூலியோ அந்திரெயோத்தி அமைத்த முதல் அரசும் பதவியேற்ற இரு வாரங்களுக்குள் நாடாளுமன்றத்தின் நம்பிக்கையைப் பெறாது தோற்றன. இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக, குடியரசு பிறப்பதற்கு ஓராண்டிற்கு முன்பே, ஒரு கூட்டணி அரசு தோன்றி மறைந்தது. 1945 ஜூன் 21-ஆம் நாள் பதவியேற்று, நவம்பர் 24-ஆம் நாள் விலகல் அறிவித்த பெர்ருச்சோ பாரியின் அரசே அது. ஆறு கட்சிகள் ஒன்றாய் அமர்ந்த அவ்வரசு ஏன் ஐந்து திங்களில் வீழ்ந்தது, வீழ்ந்தபின் எஞ்சியது யாது என்னும் இரு வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூட்டணி பிறந்த சூழல்

1922 அக்டோபரில் ஆட்சியைக் கைப்பற்றிய முசோலினி, படிப்படியாக ஏனைய கட்சிகள் அனைத்தையும் தடைசெய்து, இருபது ஆண்டுகள் தனியாட்சி நடத்தினார். இரண்டாம் உலகப்போரில் இத்தாலி தோல்விமேல் தோல்வியுற்ற நிலையில், 1943 ஜூலை 25-இல் மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அவரைப் பதவிநீக்கிச் சிறைப்படுத்தினார். செப்டம்பர் 8-இல் நேசநாடுகளுடன் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. மறுநாளே மன்னரும் தலைமை அமைச்சர் படோலியோவும் தலைநகரைக் கைவிட்டுத் தென்பகுதிக்குச் சென்றனர். நாட்டின் வடபகுதியும் நடுப்பகுதியும் செருமானியப் படையின் பிடியில் சிக்கின.

மன்னர் ரோமை நீங்கிய அதே செப்டம்பர் 9-ஆம் நாள், அந்நகரிலேயே தேசிய விடுதலைக் குழு தோன்றிற்று. பொதுவுடைமைக் கட்சி, சமதருமக் கட்சி, செயற் கட்சி, கிறித்தவ சனநாயகக் கட்சி, லிபரல் கட்சி, தொழிலாளர் சனநாயகக் கட்சி என்னும் ஆறும் அதில் இணைந்தன. கொள்கையால் இவை வெவ்வேறு திசை நோக்கியவை. சொத்துரிமையை மாற்றியமைக்க விழைந்தவரும், அதனைக் காக்க முனைந்தவரும், முடியாட்சியை ஒழிக்கத் துடித்தவரும், அதன்பால் பற்றுடையோரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். அவர்களை இணைத்தது பொதுப்பகை ஒன்றே.

இக்குழுவிற்கு இரு நெறிகள் உண்டு. பெரிய கட்சி, சிறிய கட்சி என்னும் வேறுபாடின்றி ஆறும் சமநிலை உடையன என்பது முதலாவது. எம்முடிவும் அனைவரும் உடன்பட்டே எடுக்கப்படும் என்பது இரண்டாவது. தேர்தலே நடவாத காலத்தில் யார் பெரியவர், யார் சிறியவர் என்று அளத்தற்கு வழியில்லை. எனவே அந்நெறிகள் அன்று நியாயமானவையே. ஆனால் போர்க்களத்தில் உதவிய அதே நெறிகள் ஆட்சிமன்றத்தில் எவ்வாறு தடையாயின என்பதைப் பின்னர்க் காண்போம்.

1944 ஜூனில் ரோம் விடுதலை பெற்றபின் இவானோயே பொனோமி தலைமை அமைச்சரானார். 1945 ஏப்ரல் 25-இல் வடபுலத்து நகரங்களில் மக்கள் கிளர்ச்சி வெடித்தது. மூன்றாம் நாள் முசோலினி சுட்டுக் கொல்லப்பட்டார். பொனோமி விலகினார். வடபுலத்துப் போராளிகள் புதிய ஆட்சி வேண்டினர். ‘வடகாற்று’ என்றே இத்தாலியர் அவ்வெழுச்சிக்குப் பெயரிட்டனர். சமதருமக் கட்சி பியெத்ரோ நென்னியைத் தலைமைக்கு முன்மொழிய, கிறித்தவ சனநாயகக் கட்சி அல்சீதே தே காஸ்பெரியை முன்மொழிந்தது. இருவரில் எவரையும் மற்றவர் ஏற்காத நிலையில், இரு சாராரும் மறுக்கவியலாத ஒருவரைத் தேடினர். அவ்வாறு கிடைத்தவரே பாரி.

தலைவர் பாரி

பாரி என்றவுடன் பறம்புமலைத் தலைவனே நம் நினைவில் எழுவான். இவரோ வட இத்தாலியில் பினெரோலோ என்னும் ஊரில் 1890-இல் பிறந்தவர். பெயரொப்புமை ஒலியளவில் நிற்பதே. முதல் உலகப்போரில் காயமுற்றுப் பதக்கங்கள் பெற்ற இவர், பின்னர் ஆசிரியராகவும் இதழாளராகவும் பணியாற்றினார். 1926 டிசம்பரில், முதுபெரும் சமதருமத் தலைவர் பிலிப்போ துராத்தியைப் பாசிசத்தின் கையில் அகப்படாமல் விசைப்படகில் கோர்சிகாத் தீவிற்குக் கடத்திச் சென்றவர்களுள் இவரும் ஒருவர். அச்செயலுக்காகச் சிறையும் காவலும் இவரைத் தேடி வந்தன. அப்பயணத்தில் உடன்சென்ற சாந்த்ரோ பெர்த்தினி 1978-இல் இத்தாலியக் குடியரசுத் தலைவரானார் என்பது குறிப்பிடத்தக்கது.

செருமானிய ஆக்கிரமிப்பின்போது ‘மௌரித்சியோ’ என்னும் மறைபெயருடன் போராளிப் படைகளை வழிநடத்தினார். படைத்தலைவர் கதோர்னாவிற்குத் துணைத்தலைவர் இருவர். பொதுவுடைமையாளர் லுயீஜி லோங்கோ ஒருவர், பாரி மற்றொருவர். 1945 சனவரியில் செருமானியர் இவரைப் பிடித்தனர். செருமானியத் தளபதி கார்ல் வோல்ஃப் நேசநாடுகளுடன் மறைவாகச் சரணடைவுப் பேச்சு நடத்த முற்பட்டபோது, தம் நல்லெண்ணத்திற்குச் சான்றாக மார்ச்சில் இவரை விடுவித்தார்.

இத்தகைய வீரர் அரசவைக்கு வந்தபோது ஆரவாரம் எதுவும் உடன்வரவில்லை. அமைச்சகம் இருந்த விமினாலே மாளிகையில் ஒரு மடக்குக் கட்டிலை இட்டு அங்கேயே உறங்கி, இரவும் பகலும் கோப்புகளைப் பார்த்தார். நேர்மையில் எவரும் அவரைக் குறைகூறவில்லை. ஆயின் அவர் சார்ந்த செயற் கட்சி, அறிஞர் மிகுந்தும் தொண்டர் குறைந்தும் இருந்தது. மக்கள் திரளைப் பின்னே கொண்ட கட்சி ஒன்று இல்லாமையே அவருடைய பெருங்குறை.

அமைச்சர்கள்

இவ்வரசின் அமைச்சர் பட்டியலைப் படிப்பவர், இருபது ஆண்டு இத்தாலிய வரலாற்றையே படித்தவராவர்.

தலைமை அமைச்சர் பாரி உள்துறையையும் தாமே வைத்துக்கொண்டார். துணைத் தலைமை அமைச்சர் இருவர்: சமதருமவாதி நென்னியும், லிபரல் கட்சியின் மான்லியோ புரோசியோவும். நென்னி பிரான்சிலும் எசுப்பானியாவிலும் நாடு கடந்து வாழ்ந்தவர். வெளியுறவு அமைச்சர் தே காஸ்பெரி, முசோலினியின் சிறையிலிருந்து மீண்டபின் வத்திக்கான் நூலகத்தில் பணிசெய்து காலங்கழித்தவர். நீதித்துறை ஏற்ற பொதுவுடைமைத் தலைவர் பால்மீரோ தொல்யாத்தி மாஸ்கோவிலிருந்து 1944 மார்ச்சில் திரும்பியவர். நிதியமைச்சர் மௌரோ ஸ்கொச்சிமார்ரோ 1926-இல் கைதாகி 1943 வரை சிறையிலும் தீவுக்காவலிலும் வாடியவர். போருக்குப் பிந்திய நிவாரணத்துக்கெனப் புதிதாக அமைந்த அமைச்சகத்தின் பொறுப்பேற்ற எமிலியோ லுஸ்ஸு, லிபாரித் தீவுக்காவலிலிருந்து 1929-இல் தப்பிச் சென்றவர். சார்தீனியாத் தீவினரான இவர், முதல் உலகப்போரின் கொடுமையை எழுதிய சிறந்த எழுத்தாளருமாவார்.

கருவூல அமைச்சர் மார்ச்செல்லோ சொலேரியின் நிலை உருக்கமானது. 1922 அக்டோபரில் முசோலினியின் கருஞ்சட்டையினர் ரோமை நோக்கி அணிவகுத்தபோது போர்த்துறை அமைச்சராய் இருந்தவர் அவர். அன்று வீழ்ந்த அரசியல் உரிமை மீண்டபோதும் அவரே அமைச்சராய் இருந்தார். ஆனால் 1945 ஜூலையிலேயே காலமானார். அவரிடத்தில் ஃபெதெரிக்கோ ரிச்சி அமர்ந்தார்.

வேளாண்மைத்துறை ஃபௌஸ்தோ குல்லோவிடம் இருந்தது. தரிசு நிலங்களை உழவர் கூட்டுறவுகளுக்கு வழங்க 1944-இல் ஆணை பிறப்பித்தவர் அவரே. போக்குவரத்து ஊகோ லா மால்ஃபாவிடமும், தொழில்துறை ஜொவான்னி குரோங்கியிடமும், அஞ்சல்துறை மாரியோ ஷெல்பாவிடமும், பொதுப்பணி ஜுசெப்பே ரோமித்தாவிடமும், மறுசீரமைப்பு மேயூச்சோ ரூயினியிடமும் ஒப்படைக்கப்பட்டன. கல்வித்துறையை உரோமானியச் சட்டவியல் பேரறிஞர் வின்சென்சோ அராஞ்சோ ரூயிஸ் ஏற்றார். கட்சி சாராதவராகக் கடற்படை அமைச்சர் தெ கூர்த்தென் இருந்தார்.

சிறைவாசிகளும், நாடு கடந்தோரும், நூலகப் பணியாளரும், பேராசிரியரும் ஒருங்கே அமர்ந்த அவை இது. தனித்தனியே நோக்கின் ஒவ்வொருவரும் மலையெனத் தக்கவர். ஆனால் மலைகள் பல ஓரிடத்து நிற்பதனாலேயே பாதை அமைந்துவிடாது.

எதிர்கொண்ட இடர்கள்

அரசின் அதிகாரமே முதல் இடராயிற்று. பாரியை ஆட்சிக்குக் கொணர்ந்தது வடபுலம். ஆனால் வடபுலத்தை ஆளும் உரிமை அவரிடம் இல்லை. அங்கு நேசநாட்டுப் படையாட்சியே நடந்தது. அம்மாநிலங்கள் இத்தாலிய அரசிடம் ஒப்படைக்கப்பட்டது 1945 டிசம்பர் 31-இல். அதற்குள் பாரி பதவி நீங்கியிருந்தார். எவ்விடத்து மக்கள் அவரை நம்பினரோ அவ்விடத்தை ஒருநாளும் அவர் ஆளவில்லை.

இரண்டாவது, பொருளாதாரம். உணவு பற்றாக்குறை, விலையேற்றம், கள்ளச்சந்தை. போர்க்காலத்தில் கொள்ளை இலாபம் ஈட்டியோரின் செல்வத்தை வெளிக்கொணரும்பொருட்டுப் பழைய பணத்தாள்களைத் திரும்பப் பெற்றுப் புதியன வழங்கி, அதனோடு செல்வவரியும் விதித்தல் வேண்டும் என்று நிதியமைச்சர் ஸ்கொச்சிமார்ரோ வற்புறுத்தினார். லிபரல் கட்சியினர் இதனை எதிர்த்தனர். கருவூலம் லிபரல் கையிலும் நிதி பொதுவுடைமையாளர் கையிலும் இருந்தமையால், ஒருவர் இழுக்க மற்றவர் நிறுத்தினார். அத்திட்டம் இறுதிவரை நிறைவேறவில்லை.

மூன்றாவது, பாசிச அலுவலர் களையெடுப்பு. இதற்கான உயர் ஆணையராக நென்னி செயற்பட்டார். இடதுசாரிகள் இதனை விரைவுபடுத்தக் கோரினர்; லிபரல் கட்சியினரோ இதனை முடித்து அமைதி நிலைநாட்ட வேண்டினர். வடபுலத்தில் விடுதலைக் குழுவினர் அமர்த்திய மாவட்ட ஆட்சியர்களை நீக்கிப் பழைய அலுவலர்களையே மீண்டும் அமர்த்த வேண்டும் என்பதும் அவர்களது கோரிக்கை.

நான்காவது, தேர்தல். அரசியல் நிர்ணய சபைக்கான தேர்தல் முதலில் வேண்டும் என்று இடதுசாரிகளும், ஊராட்சித் தேர்தலே முதலில் வேண்டும் என்று வலதுசாரிகளும் வாதிட்டனர். முடியாட்சியா, குடியாட்சியா என்னும் பெருவினா இதன் பின்னே நின்றது. மன்னரின் மகன் உம்பெர்த்தோ அரசப் பதிலாளராய் இருக்க, அவர்கீழ்ப் பதவியேற்ற அமைச்சர்கள், நிர்ணய சபை கூடும்வரை அவ்வினாவின் முடிவுக்கு ஊறுசெய்யோம் என்று உறுதி கூறியிருந்தனர்.

இவை போதாவென்று சிசிலித் தீவில் பிரிவினை இயக்கம் தலைதூக்கிற்று. அதன் தலைவர் ஃபினோக்கியாரோ அப்ரீலே 1945 அக்டோபரில் கைதுசெய்யப்பட்டுப் போன்சாத் தீவில் காவலில் வைக்கப்பட்டார்.

ஆலோசனை அவையில் ஒரு சொற்போர்

தேர்தல் நடவாத நிலையில், நியமன உறுப்பினர் நானூற்றுவர்க்கு மேற்பட்டோரைக் கொண்ட தேசிய ஆலோசனை அவை 1945 செப்டம்பர் 25-இல் கூடிற்று. இத்தாலிய நாட்டவையில் பெண்கள் முதன்முறையாக அமர்ந்தது இங்கேதான். அக்டோபர் 1-ஆம் நாள் ஆஞ்செலா குயிதி சிங்கொலானி ஆற்றிய உரை, அந்நாட்டவையில் பெண்ணொருவர் ஆற்றிய முதல் உரையாகும்.

அவை கூடிய மறுநாள் பாரி பேசினார். பாசிசத்திற்கு முந்தைய இத்தாலிய அரசுகளைச் சனநாயக அரசுகள் எனக் கூறவியலாது என்னும் கருத்தை வெளியிட்டார். அவையில் கூச்சல் எழுந்தது. முதுபெரும் மெய்யியலாளரும் லிபரல் கட்சித் தலைவருமான பெனெதெத்தோ குரோச்சே அடுத்த நாள் எழுந்து மறுத்துரைத்தார். நாடு ஒன்றுபட்ட காலந்தொட்டு 1922 வரை இத்தாலி உரிமை வளர்ந்த நாடாகவே விளங்கிற்று என்பது அவர் கட்சி.

இது வெறும் வரலாற்று வாதமன்று. பாசிசம் இடையில் வந்த நோய் எனின், நோய் நீங்கியதும் பழைய உடலுக்கே திரும்பலாம். பழைய உடலிலேயே அதன் வித்து இருந்ததெனின், அரசைப் புதிதாகவே கட்டல் வேண்டும். கூட்டணியை இரண்டாகப் பிளந்தது இவ்வினாவே. பகையை வெல்ல ஒன்றுபட்டவர்கள், வென்றபின் எதைக் கட்டுவது என்பதில் ஒன்றுபடவில்லை.

வீழ்ச்சி

நவம்பரில் லிபரல் கட்சி தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. ஆறு கட்சிகளும் உடன்பட்டாலன்றி அரசு நில்லாது என்னும் நெறியின்படி, ஒன்று விலகினும் கூட்டணி குலைந்ததே என்று கிறித்தவ சனநாயகக் கட்சியும் கூறிற்று. பொதுவுடைமை, சமதருமக் கட்சிகளும் பாரியைக் காக்கப் பெருமுயற்சி செய்யவில்லை. அடுத்த அரசில் தம் இடம் நிலைப்பதே அவற்றுக்கு முதன்மையாயிற்று.

நவம்பர் 24-ஆம் நாள், விடுதலைக் குழுத் தலைவர்களையும் செய்தியாளர்களையும் அழைத்துப் பாரி தம் விலகலை அறிவித்தார். பழைய ஆற்றல்கள் அரசினுள் இருந்தே அரசைக் கவிழ்த்தன என்று குற்றஞ்சாட்டினார். அங்கிருந்த தே காஸ்பெரி உடனே எழுந்து அக்கூற்றை மறுத்தார். டிசம்பர் 10-இல் தே காஸ்பெரியே தலைமை அமைச்சரானார். அதே ஆறு கட்சிகள். அமைச்சரிற் பலரும் பழையவரே. உயர் ஆணையம் 1946-இல் கலைக்கப்பட்டது.

அவ்வீழ்ச்சி இலக்கியத்திலும் இடம்பெற்றுள்ளது. எழுத்தாளரும் ஓவியருமான கார்லோ லேவி 1950-இல் வெளியிட்ட ‘கடிகாரம்’ என்னும் நூல், பாரி விலகிய நாள்களின் ரோம் நகரையே களமாகக் கொண்டது.

மதிப்பீடு

பாரியின் நேர்மையே அவரை வீழ்த்திற்று என்பாரும் உளர். ஆட்சித்திறம் இன்மையே காரணம் என்பாரும் உளர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அடிப்படைக் காரணம் கூட்டணியின் அமைப்பிலேயே இருந்தது. 1946 ஜூன் 2-இல் நடந்த தேர்தல் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. 556 இடங்களுள் கிறித்தவ சனநாயகக் கட்சி 207-உம், சமதருமக் கட்சி 115-உம், பொதுவுடைமைக் கட்சி 104-உம் பெற்றன. செயற் கட்சி பெற்றவை 7 மட்டுமே. ஆறும் சமம் என்னும் நெறி, மக்களின் அளவுகோலுக்கு முன் நிற்கவில்லை. அனைவரும் உடன்பட வேண்டும் என்னும் நெறியோ, ஆட்சி செய்யும் ஆற்றலை ஒருவர்க்கும் தராமல், தடுக்கும் ஆற்றலை ஒவ்வொருவர்க்கும் தந்தது.

எனினும் எஞ்சியது சிறிதன்று. ஆலோசனை அவை கூடியதும், நிர்ணய சபைக்கான தனி அமைச்சகம் நென்னியின் பொறுப்பில் ஏற்பட்டதும் அந்த ஐந்து திங்களில்தான். அரசியல் வடிவம்பற்றிய வினாவை மக்களிடமே விடுவோம் என்ற உறுதி காக்கப்பட்டது. அதே ஜூன் 2-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் குடியாட்சிக்கு ஏறத்தாழ 1 கோடியே 27 இலட்சம் வாக்குகளும், முடியாட்சிக்கு ஏறத்தாழ 1 கோடியே 7 இலட்சம் வாக்குகளும் கிடைத்தன. அவ்வாக்கெடுப்பின்போது உள்துறை அமைச்சர், பாரியின் அவையிலிருந்த ரோமித்தா. அரசியலமைப்பை வரைந்த எழுபத்தைவர் குழுவின் தலைவர், அதே அவையிலிருந்த ரூயினி. 1948 சனவரி 1-இல் அவ்வரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது.

ஏனைய அமைச்சர்களும் நெடுவழி நடந்தனர். தே காஸ்பெரி 1953 வரை தலைமை அமைச்சராய் விளங்கினார். குரோங்கி 1955-இல் குடியரசுத் தலைவரானார். ஷெல்பா 1954-இல் தலைமை அமைச்சரானார். நென்னி 1963-இலும் லா மால்ஃபா 1974-இலும் துணைத் தலைமை அமைச்சராயினர். புரோசியோ 1964 முதல் 1971 வரை நேட்டோ அமைப்பின் பொதுச் செயலாளராய் இருந்தார்.

பாரி மட்டும் மீண்டும் எந்த அமைச்சுப் பதவியும் ஏற்கவில்லை. ஆனால் அரசியலை விட்டு ஒதுங்கவுமில்லை. பாதிக்கு மேல் வாக்குப் பெறும் கூட்டணிக்கு 65 விழுக்காடு இடங்கள் வழங்கும் தேர்தல் சட்டம் 1953-இல் வந்தபோது, அதனை எதிர்த்துச் சிறு அணியொன்றை நிறுவினார். ஆளும் கூட்டணி 49.8 விழுக்காட்டில் நின்றுபோயிற்று. அவ்வணி பிரித்தெடுத்த சில வாக்குகளும் அதற்கு ஒரு காரணம். 1963-இல் வாழ்நாள் மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்ட பாரி, 1981 டிசம்பரில் மறைந்தார்.

முடிவுரை

பொதுப்பகையை எதிர்க்கப் பிறந்த கூட்டணி, பகை நீங்கியபின் தன் நெறிகளைப் புதுக்கிக்கொள்ளாவிடின் நிலைக்காது என்பதை இவ்வரசின் வீழ்ச்சி காட்டுகின்றது. வீழ்ந்த அரசு செய்த பணியும் வீழ்ந்தேயாக வேண்டும் என்பதில்லை என்பதை அதன் அமைச்சர்களின் பிற்கால வரலாறு காட்டுகின்றது. பாரியின் அரசு எதனையும் முடித்து வைக்கவில்லை. ஆயினும் முடித்தற்குரியவர் மக்களே என்னும் நிலையைக் குலையாமல் காத்து அடுத்தவர் கையில் ஒப்படைத்தது. ஐந்து திங்களில் ஓர் அரசு செய்யத்தக்க பணிகளுள் இது சிறியதன்று.